நாக்கம்மா

மூன்று பட்டம் வாங்கிய ஒருவர் சுவரை நக்கியதை நான் முதன்முதலில் பார்த்தது கோப்பன்ஹேகனில், ஒரு திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு. எனக்கு அது வேலையில் மூன்றாம் நாள். நிலவறைச் சுவர் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. குழாய்க்காரர் வந்து பார்த்து, உள்ளே தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, சுவரை உடைத்தே ஆகவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வான் வண்டிக்குள் இருந்த சம்மட்டியை எடுக்கப் போயிருந்தார். அந்த இடைவெளியில் இவர் இறங்கி வந்தார். கட்டையாக வெட்டிய நரைமயிர். முழங்காலில் மண் ஒட்டிய காற்சட்டை. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சுவருக்குக் கிட்டப் போனார், நாக்கை நீட்டினார், ஒரு நக்கு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"குழாய்த் தண்ணி இல்லை. தெரு உப்பு. மேல சைக்கிள் விடுற இடத்தில பனிக்குப் போட்ட உப்பு, உருகி இறங்குது."

மேலே போய்ப் பார்த்தார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு நீள வெடிப்பு. சுவர் தப்பியது. குழாய்க்காரர் சம்மட்டியைத் திரும்ப வண்டிக்குள் வைத்தார். நான் துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்த இடத்தில் தொடர்ந்து வேலை செய்வது உடம்புக்கு நல்லதா என்று யோசித்தேன்.

அவர் பேசியது டேனிஷ்தான். என் காதுக்குள் போகும்போதே அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அப்படியே எழுதுகிறேன்.

டென்மார்க்கில் இருந்துகொண்டு, ஈராக் மண்ணைத் தோண்டி, நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் மெசொப்பொத்தேமியாவில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று ஆராய்கிற நிலையம் அது. ஆறு நாட்டு அறிஞர்கள். ஏழாவது நாட்டுக்கு நான் பிரதிநிதி. பெட்டி தூக்குவேன், தட்டுக் கழுவுவேன், மண்சட்டித் துண்டுகளில் இருக்கிற உப்பு இறங்குவதற்காக ஊறப்போட்ட வாளிகளில் தண்ணீர் மாற்றுவேன். அதற்கு முன் பன்றி இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில் பதினாறு வருஷம். அதை மூடியபிறகு கிடைத்த வேலை இது, அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். ஐம்பத்திரண்டு வயதில் டேனிஷ்காரனிடம் புதிதாக வேலை கேட்டுப் போகிறவனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தபோதும் நான் சொன்னதில்லை. இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இயக்குநரைக்கூட. என் வாய்க்கு அது வளையவில்லை. "ஹலோ" என்றே காலத்தை ஓட்டினேன். நகருக்கு வெளியே, இஷொயில், எங்கள் வீட்டுக் குசினியில் மட்டும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நாக்கம்மா.

மற்றவர்கள் நுணுக்குக்காட்டி வைத்துப் பார்ப்பதை அவர் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார். தோண்டி எடுத்த வெள்ளைத் துண்டு எலும்பா கல்லா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தால், நடுவில் புகுந்து, வாங்கி, நாக்கில் ஒட்டிப் பார்த்து, "எலும்பு. ஒட்டுது. கல்லெண்டால் ஒட்டாது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். வாதம் முடிந்தது.

"எப்பவும் சரியா வருமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பத்தில ஒன்பது."

"அந்தப் பத்தாவது?"

"ஒருக்கா ஆட்டுப் புழுக்கை." முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "அதுவும் ஒரு தகவல்தானே."

அவருடைய சிறப்புத் துறை சாம்பல். அரண்மனையும் கோயிலும் மற்றவர்களுக்கு. இவருக்கு அடுப்பு. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு மனுசி ரொட்டி சுட்ட அடுப்பின் அடிச்சாம்பலை, அனுமதி வாங்கி, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொரு பைக்குள்ளும் பென்சிலால் எழுதிய துண்டு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டு, "இது வைக்கோல்," "இது முள்மரம்," "இந்த வீட்டில வசதி குறைவு, சாணம் எரிச்சிருக்கினம்," என்று பக்கத்து வீட்டு வம்பு மாதிரிச் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். ஆய்வுக்கூடம் ஒரு மாதம் கழித்து அதையே நாற்பது பக்கத்தில் சொல்லும்.

இப்படிப்பட்டவர் என் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவைப்பாரா? ஒருநாள் மதியம் கேளாமல் கொள்ளாமல் விரலை விட்டார். கோழிக் குழம்பு.

"பெருஞ்சீரகம் கொஞ்சம் கருகிப் போச்சு," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவள், காலை இறக்கினாள்.

"ஆர் அவ? என்ர கறித்தூளில பிழை பிடிக்கிறதுக்கு?"

"சும்மா சொன்னவ அப்பா."

"கருகினதுதான். போன் வந்தது, எடுத்துக் கதைச்சனான், அதுக்குள்ள கருகிட்டுது. அது என்ர வீட்டு விஷயம். அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

அதோடு போட்டி தொடங்கிவிட்டது. என் மனைவி சாப்பாட்டுப் பெட்டிக்குள் பரீட்சை வைக்கத் தொடங்கினாள். இன்றைக்குப் பழப்புளி இல்லை, கொறுக்காய் போட்டிருக்கு, கண்டுபிடிக்கட்டும் பாப்பம். அவர் கண்டுபிடித்தார். பெயர் தெரியாவிட்டாலும், "புளிப்பு மாறியிருக்கு, இது வேற பழம், வெயிலில காஞ்சது," என்றார். இரண்டு பெண்களுக்கு நடுவில் ஐந்து மாதம் தபால்காரனாக இருந்தேன். எனக்குத்தான் சாப்பாடு குறைந்துகொண்டே போனது.

ஆறாவது மாதம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மாத முடிவில் என் வேலை முடிகிறது. தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று இயக்குநர் அந்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். "நீங்கள் அவருக்குக் கீழேதானே வேலை செய்கிறீர்கள், அவர் சொல்வதைப் பொறுத்தது," என்று சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை பக்தாத்திலிருந்து இரண்டு அறிஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நாக்கம்மா தன் சாம்பல்களைப் பற்றிப் பேசப் போகிறார்.

அதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, என் மச்சாள், அதாவது மனைவியின் தங்கை, ஊரிலிருந்து டென்மார்க்கின் மேற்குப் பக்கம் ஹொல்ஸ்டெப்ரோவில் மகன் வீட்டுக்கு வந்து நின்றவள், ஊர்க் கோயில் விபூதியை ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். வேலைக்கு வரும் வழியில் ஸ்டேசனில் வாங்கினேன். சின்னப் பிளாஸ்டிக் பை, வாயை விரலால் அழுத்தி மூடுகிற வகை. மேலங்கியைக் கழற்றுவதற்காக அதை மேசையில் இருந்த சாம்பல் தட்டில், வெறுமையாக இருந்த ஒரு இடத்தில் வைத்தேன். பின்னேரம் மேசையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஐந்து நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நாக்கம்மா கத்தினார். "இஞ்ச வாரும்! ஓடி வாரும்!"

ஓடினேன். கையில் ஒரு பை. கண்ணெல்லாம் மினுங்குகிறது.

"பதினேழாம் நம்பர். உள்ளுக்கு இருந்த துண்டு எங்கேயோ விழுந்திட்டுது, பரவாயில்லை, தட்டில பதினேழின்ர இடத்தில கிடந்தது. இதை மணந்து பாரும்!"

மணந்தேன். கற்பூரம். சந்தனம். வெள்ளிக்கிழமைக் கோயில்.

"மாட்டுச் சாணம்," என்றார் நாக்கில் வைத்தபடி. "ரெண்டு தரம் எரிச்சது. சீலையில அரிச்சது. அதுக்குப் பிறகு வாசம் சேர்த்திருக்கினம்! அடுப்புச் சாம்பலுக்கு ஆர் வாசம் சேர்க்கிறது? இப்பிடி ஒண்டை நான் கண்டதேயில்லை. வெள்ளிக்கிழமை இதைத்தான் சொல்லப்போறன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமென்றால் வெட்கம்தான். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, பெருமை. மெசொப்பொத்தேமியாவிலும் எங்கட ஆட்கள்! நாலாயிரம் வருஷத்துக்கு முன்னமே திருநீறு! கழிவறைக்குப் போய் ஊர்ச்சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி எழுதத் தொடங்கினேன். "உறவுகளே, இது உலகம் அறியாத உண்மை" வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் விரல் நின்றது. சின்னப் பிளாஸ்டிக் பை. வாயை விரலால் அழுத்தி மூடுகிற வகை.

அங்கேயே மூடியை இறக்கி உட்கார்ந்துவிட்டேன்.

என் பயம் ஒழுங்கு கட்டுப்பாடு உள்ள பயம் அல்ல. ஒன்றைக் கேட்டால் ஒன்பதைக் காட்டும். முதலில் வேலை போனது. பிறகு பத்திரிகையில் என் படம் வந்தது. பிறகு ஈராக் அரசாங்கம் என்னைக் கேட்டுக் கடிதம் எழுதியது. டென்மார்க் அரசாங்கம், "ஒரு ஆளுக்காக என்னத்துக்கு உறவைக் கெடுப்பான்," என்று என்னை விமானத்தில் ஏற்றியது. பக்தாத்தில் இறங்கும்போது நான் மேலங்கியோடு நின்றேன், வெயில் கொளுத்துகிறது. கழிவறைக் கதவை யாரோ தட்டியபடியால் மீண்டும் கோப்பன்ஹேகனுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று வீட்டுக்குள் காலணியோடு நுழைந்தேன்.

"அந்த விபூதிப் பை எங்கை?"

"விபூதியோ அது?" என்றாள் மனைவி. "வாயில போட்ட உடன தெரிஞ்சுது. அடுப்புச் சாம்பல். ஐயரை ஏமாத்தி ஆரோ கட்டிக் குடுத்திருக்கினம். தங்கச்சிக்குப் போன் எடுத்து நல்லாக் குடுத்தனான். இப்ப அவள் என்னோட கதைக்கிறேல்லை."

"சாம்பல் எண்டு தெரிஞ்சும் அஞ்சு நாளா எனக்குப் பூசி அனுப்பினீரே?"

"நல்ல விபூதி வரும்வரைக்கும் உங்களுக்கு அது போதும்."

பையைப் பார்த்தேன். உள்ளே, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு. பென்சிலில் 17.

"அது அருச்சனைத் துண்டாக்கும் எண்டு நினைச்சன்," என்றாள்.

நான் பையை எடுத்து மேலங்கிக்குள் வைத்தேன். உண்மையைச் சொன்னால் அது அடுத்த நாளே முதியோர் இல்லத்துக்கும், அங்கிருந்து டென்மார்க்கில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. காலையில் எல்லாருக்கும் முன்னால் போய், பையை மாற்றி வைத்துவிடுவது. எவருக்கும் தெரியாது. உலகம் பழையபடி சுழலும்.

புதன்கிழமை ஏழரைக்கு மாற்றினேன். ஒரு குறையுமில்லை. நாக்கம்மா எழுதிவைத்த புதுத்துண்டை விபூதிப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தேன், விபூதியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன், பதினேழைப் பதினேழின் இடத்தில் வைத்தேன். தேத்தண்ணி போட்டு, சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டேன். வேலை தப்பியது.

எட்டு மணிக்கு அவர் வந்தார். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குக் கடைசி முறையாகப் பார்க்கவேண்டும் என்று பதினேழைத் திறந்தார். ஒரு சிட்டிகை. நாக்கு.

அப்படியே நின்றார். இன்னொரு சிட்டிகை.

பிறகு மூலையில் இருந்த அலுமாரிக்குப் போய், சாப்பாட்டு உப்பை எடுத்து நாக்கில் வைத்தார். என் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். திரும்ப வந்து மூன்றாவது சிட்டிகை. கதிரையில் உட்கார்ந்தார்.

"போயிட்டுது," என்றார்.

"என்ன போயிட்டுது?"

"என்ர நாக்கு. நேற்று வாசம் இருந்தது, சீலையில அரிச்ச மாவு மாதிரி இருந்தது. இண்டைக்குச் சும்மா வைக்கோல் சாம்பல். ஒண்டில் நேற்றுப் பொய், ஒண்டில் இண்டைக்குப் பொய். அறுபத்தாறு வயசு. வரும் எண்டு தெரியும்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை நான் பேசேல்லை. பழைய குறிப்பையெல்லாம் திரும்பப் பாக்கவேணும். எது சரி, எது பிழை எண்டு இனி எனக்கே தெரியாது."

சுவரை நக்கியபோதும், ஆட்டுப் புழுக்கையைச் சொன்னபோதும் கலங்காத முகம். இப்போது சின்னதாகி இருந்தது. விரலால் தன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார், பல்லுப் போன பிள்ளை ஓட்டையைத் தொட்டுப் பார்ப்பது போல.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இரண்டு நாள். மூடுவது சுலபம், நான் பிறந்ததிலிருந்து பழகிய வேலை. என் கால்கள் கதவுப் பக்கம் போகத் தயாராகத்தான் இருந்தன. கை மட்டும் காற்சட்டைப் பைக்குள் போனது. ஏன் போனது என்று அதனிடம்தான் கேட்கவேண்டும்.

"இதைச் சாப்பிட்டுப் பாருங்கோ," என்றேன்.

ஒரு சிட்டிகை போட்டார். நிமிர்ந்தார். இன்னொரு சிட்டிகை.

"இது நேற்றைய சாம்பல்!"

"ஓம்."

"எந்தக் காலம்?"

"போன மாசம்."

"எந்த இடம்?"

"யாழ்ப்பாணம்."

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: ஸ்டேசன், மேலங்கி, மச்சாள், அருச்சனைத் துண்டு, காலையில் செய்த கள்ளவேலை. டேனிஷில் இறந்தகாலம் எல்லாம் எனக்குத் தடுமாறும். அன்று ஒன்றும் தடுமாறவில்லை, பயத்துக்கு இலக்கணம் நன்றாக வரும் போல.

"சாணம் எண்டது சரியோ?" என்று கேட்டார்.

"சரி."

"ரெண்டு தரம் எரிச்சது?"

"சரியெண்டுதான் நினைக்கிறன்."

"சீலையில அரிச்சது?"

"அது மச்சாளைக் கேக்கவேணும், ஆனா இப்ப ஒருத்தரும் அவளோட கதைக்கிறேல்லை."

அவர் எழும்பினார். சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள், பிறகு கழுத்துக் கயிறு, பிறகு முழு ஆளும். "அப்ப நேற்றும் சரி, இண்டைக்கும் சரி!" என்று மேசையில் அடித்தார். தட்டுகள் துள்ளின. சிரிப்பு நின்றதும் என்னை உற்றுப் பார்த்தார். என் கண்ணை அல்ல, அதற்கு மேலே.

காலையில் இருந்த பதற்றத்தில், மனைவி வாசலில் வைத்து, விபூதிக் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த அந்தச் சாம்பலை வழக்கம்போல என் நெற்றியில் இழுத்துவிட்டதை நான் கவனிக்கவேயில்லை.

விரல் வந்தது. என் நெற்றியைத் தொட்டது. நாக்குக்குப் போனது.

"வைக்கோல். கொஞ்சம் ஆற்று மணல். உப்புத் தரை," என்றார். "உம்முடைய நெத்தி தெற்கு ஈராக்கிலயிருந்து வந்திருக்கு."

இதை என் மனைவியும் கண்டுபிடித்தாள் என்று சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை. உடனே போன் எடுக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"இஞ்சரும், அந்தச் சாம்பல் என்ன எரிச்ச சாம்பல் எண்டு இவ கேக்கிறா."

"வைக்கோல். ஏன்?"

மொழிபெயர்த்தேன். நாக்கம்மா தலையாட்டினார். "வேறை?"

"மண் கடிபட்டது. வழிச்சு எடுத்தவள் அடியோட வழிச்சிருக்கிறாள், பொறுமையில்லாதவள்."

நாக்கம்மா தன் நெஞ்சில் விரலை வைத்துக்கொண்டார். வழித்தவள் அவர்தான்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"சரியாம்."

"பின்னே? தூளைக் கருக்கினனெண்டு சொன்ன ஆள்தானே அவ? கேட்டுக்கொள்ளட்டும். அது ஆற்றை வீட்டு அடுப்பப்பா?"

"கொஞ்சம் பழைய வீடு. தங்கச்சிக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேளும். மிச்சம் வீட்டுக்கு வந்து சொல்லுறன்."

இப்போது அவர் அந்த நிலையத்தில் இல்லை. ஓய்வுபெற்று ஒரு சின்னத் தீவில் போய் இருக்கிறார் என்று கேள்வி. அந்தத் தீவின் சுவர்களெல்லாம் என்ன சுவை என்று இதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆட்கள் மன்னிப்பதை நான் பலவிதமாகக் கண்டிருக்கிறேன். தோளில் தட்டுவார்கள், "இனிமேல் கவனம்" என்பார்கள், ஆறு வருஷம் கழித்து ஒரு கலியாண வீட்டில் வைத்து அதையே திருப்பிச் சொல்லுவார்கள். இவர் அன்றைக்கு ஒரு மெல்லிய தூரிகையை எடுத்தார்.

"அசையாதையும்," என்றார்.

என்னைக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் மிஞ்சியிருந்ததை மயிரிழை விடாமல் ஒரு பைக்குள் தட்டி எடுத்தார். புருவத்துக்குள்ளும் தேடினார். பிறகு ஒரு துண்டு எடுத்துப் பென்சிலால் எழுதினார். சாம்பல், இரண்டாம் பங்கு, எண் 17 ஆ. கிடைத்த இடம் என்ற கோட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசித்து, ஏதோ எழுதி, பைக்குள் போட்டு மூடி என் கையில் தந்தார்.

"தட்டில வையும். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காட்டவேணும். முழுக் கதையும் சொல்லுவன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"எங்கை போறியள்?"

"இயக்குநரிட்டை. எழுதினதை அவருக்கும் சொல்லவேணுமே."

அவர் போனபிறகு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். "கிடைத்த இடம்: நிலையத்தின் நிரந்தர ஊழியர் ஒருவரின் நெற்றி." அங்கே உறுதியில்லாத எதையும் எழுதினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது கட்டாயம். அந்தக் காலத்து ராசாவின் பெயருக்குக்கூடப் போட்டிருப்பார்கள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் கேள்விக்குறி இல்லை.

போன் அடித்தது. மனைவி.

"தங்கச்சி அழுகிறாள், நானும் அழுதிட்டன், எல்லாம் சரி. அது கிடக்கட்டும், உங்கட வேலை என்னவாம்?"

"நிரந்தரம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். "பையில எழுதிக் கிடக்கு."